சிறு மட்டி: பெயர் அறிந்து, தெரிந்தெடுத்து, மணல் போக்கிச் சமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் எடுக்கும் சிறு மட்டியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அயல்வீட்டுப் பிள்ளைகள், திருமணமாகி ஊருக்கு வந்த மருமக்கள், விடுமுறைக்கு வந்த உறவினர் எனப் பலருக்கும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்த அளவில், மட்டிக்கறி பழுதாவது அடுப்பில் மிக அரிது. பெரும்பாலும் அது வாளியிலேயே பழுதாகிவிடுகிறது. செத்த மட்டியை விலக்காமல் ஊறவைப்பது, உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறவைப்பது, ஊறியதை அப்படியே கவிழ்த்து ஊற்றுவது ஆகிய மூன்றும் எல்லோரும் செய்யும் பிழைகள். இவற்றில் முதலாவது, வரிசையை மாற்றுவதால் வருவது. ஆகவே கீழே உள்ள படிகளை எழுதப்பட்ட ஒழுங்கிலேயே செய்ய வேண்டும்.

தொடங்குமுன் தேவையானவை

வாளி இரண்டு, வாளிக்குள் இறங்கக்கூடிய துளையுள்ள பிளாஸ்ரிக் கூடை ஒன்று, ஈரச்சாக்கு, கட்டித் தூரிகை, கனமான மூடியுள்ள அகன்ற சட்டி, மெல்லிய வெள்ளைத்துணி, கல்லுப்பு, சமையல் தராசு ஆகியவை கையில் இருக்க வேண்டும். தராசு இல்லாதவர்கள் உப்பைக் கண்ணளவில் போட்டுக் கெடுப்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். அரிக்கன்சட்டி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வைக்கலாம். அரிசியில் கல்லை அரிப்பதற்கென்று உள்ளே வரிவரியாகக் கீறிய அந்தச் சட்டி, அவித்த சதையில் எஞ்சிய மணலைப் பிரிக்கவும் மிக நன்றாக உதவும்.

எவ்வளவு மட்டி வேண்டும் என்பதையும் முன்னரே கணக்கிட வேண்டும். ஒரு கிலோ மட்டியை அவித்து ஓடு நீக்கினால் என் தராசில் 80 முதல் 110 கிராம் வரை சதை நிற்கிறது. நால்வருக்கு ஒரு கறி என்றால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு கிலோ வாங்கிவந்து, ஓட்டுக்குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிச் சதையைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர்.

இறால், நண்டு ஆகியவை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் மட்டியும் அவர்களுக்கு ஒவ்வாமல் போகலாம். ஒவ்வாமையைத் தூண்டும் ஒரே வகைப் புரதம் இவை எல்லாவற்றிலும் உள்ளது.

1. பெயரைக் கேட்க வேண்டாம், ஓட்டைப் பார்க்கவும்

மட்டி என்பது ஒரே ஓர் உயிரினத்தின் பெயர் அன்று. மணலிலோ சேற்றிலோ புதைந்து வாழும், இரண்டு ஓடுகளும் ஏறத்தாழ ஒரே அளவான பல இனங்களை நாங்கள் மட்டி என்று அழைக்கிறோம். ஒற்றை ஓடாகச் சுருண்டிருப்பது ஊரி. பளபளப்பான முதுகும் பல்வரிசை போன்ற வாயும் உள்ளது சோகி. பாறையிலோ கட்டையிலோ ஒட்டிக்கொண்டு வளர்வது சிப்பி. இவற்றுள் எதையும் கீழ்க்காணும் முறையில் சமைக்க முயல வேண்டாம், ஏனெனில் ஒவ்வொன்றும் வேகும் நேரமும் துப்புரவாக்கும் விதமும் வேறு.

கடலைத் தாண்டினால் பெயர் இன்னும் குழம்பும். கன்னியாகுமரிப் பக்கத்தில் சிப்பி என்று கேட்டால் பாறையில் நாரால் ஒட்டியிருக்கும் நீண்ட கருஞ்சிப்பியைத் தருவார்கள். தமிழ்நாட்டில் கிளிஞ்சல் என்ற சொல் பெரும்பாலும் ஓட்டையே குறிக்கும். சுண்ணாம்பு சுடுவதற்கு எடுப்பதும் கிளிஞ்சலே. கேரளத்தில் கக்கா, கர்நாடகக் கரையில் மருவாய், கோவாவில் திஸ்ரியோ என்றெல்லாம் சொல்வது பெரும்பாலும் எங்கள் மட்டிக்கு நெருங்கிய இனங்களையே. மலேசியச் சந்தையில் கெராங் என்பது இரத்தமட்டி, லாலா என்பது மெல்லோட்டு மட்டி.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகள் கடையில் நின்றபடியே தொலைபேசி எடுத்து, "மாமி, இங்கை லிட்டில்நெக் எண்டு போட்டிருக்கு, அது எங்கட மட்டியோ?" என்று கேட்டாள். "பேரை விடு பிள்ளை, ஓட்டைச் சொல்லு" என்றேன். லிட்டில்நெக் என்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓர் இனத்தின் பெயரன்று, அளவின் பெயர். தடித்த ஓடுடைய ஒரே மட்டியைச் சிறிதாக இருக்கும்போது லிட்டில்நெக் என்றும், அதைவிடப் பெரிதானால் செரிஸ்ரோன் என்றும் விற்கிறார்கள். மேற்குக் கரையில் அதே பெயர் வேறோர் இனத்துக்கு உரியது. எங்கள் கறிக்கு மிகவும் ஒத்துவருவது மனிலா மட்டி. ஜப்பானியக் கடைகளில் அதையே அசாரி என்பார்கள், பாரிஸில் பலூர்த் என்ற பெயரில் விற்பவற்றுள் பெரும்பகுதியும் அதுவே. லண்டனில் கொக்கிள் என்று விற்பது விலாவிலாவாக வரியுள்ள வேறு குடும்பம், அதுவும் பெரும்பாலும் அவித்து ஓடு நீக்கியே வரும். நியூசிலாந்துக் கொக்கிள் என்ற பெயருடன் வருவதோ உண்மையில் கொக்கிள் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல, மட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆகவே கையில் எடுத்துப் பார்த்துப் பிரிப்பதற்கான அடையாளங்களைத் தருகிறேன்.

முக்கோணச் சாயல், வழவழப்பான ஓடு, மஞ்சளும் பழுப்பும் கலந்த மினுக்கம் ஆகியவை இருந்தால் அது மெரிட்ரிக்ஸ் இனம். களப்பு (கடல்நீரேரி) முகங்களில் கிடைப்பது, உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தாங்குவது. கறிக்கு முதலிடம் இதற்கே.

முட்டை வடிவம், ஓட்டின் விளிம்புக்கு இணையாக மெல்லிய வளைய வரிகள், மேலே கோணல்மாணலான கோலங்கள் இருந்தால் அது மார்சியா இனம். ஓடு மெல்லியது, விரைவில் வேகும், விரைவில் உடையும்.

உருண்டையும் தடிப்புமாக, உச்சியிலிருந்து விளிம்புக்கு மணிமணியான வரிகள் இறங்கி, வெள்ளையில் பழுப்புத் திட்டுகளுடன் இருந்தால் அது கஃப்ராரியம். ஓட்டுப்பாரம் மிகுதி, சதை குறைவு. விலை குறைவாக இருந்தால் மட்டுமே நான் இதை வாங்குவேன்.

ஆழமான, தடித்த விலா வரிகளும் விளிம்பில் மயிர் போன்ற பழுப்புத் தோலும் இருந்தால் அது இரத்தமட்டி. எங்கள் இரத்தத்தில் உள்ள அதே சிவப்புப் பொருள் இதன் உடலிலும் இருப்பதால் திறந்தால் சிவப்பு நீர் வடியும். இதைப் பழுது என்று எண்ணி எறிபவர்கள் உண்டு. பழுதில்லை, ஆனால் மற்றவற்றோடு கலந்து அவித்தால் எல்லாவற்றின் சாறும் கறுத்துவிடும் என்பதால் தனியே அவிக்க வேண்டும்.

ஆப்புப் போல ஒரு பக்கம் சரிந்து, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வளராமல், அலை அடிக்கும் மணற்கரையில் கிடைப்பது டொனாக்ஸ். சுவை நல்லது, மணல் மிகுதி.

இன்னும் ஓர் அடையாளம் வெறும் ஓட்டின் உட்புறத்தில் இருக்கிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு ஓரிடத்தில் உள்நோக்கி மடிந்தால், அந்த மட்டிக்கு நீரை இழுக்கும் குழாய் உண்டு என்று பொருள். மடிப்பு ஆழமாக இருந்தால் குழாய் நீளம், மட்டியும் ஆழத்தில் புதைந்திருக்கும். மெரிட்ரிக்ஸ் ஓட்டில் அந்த மடிப்பு மிகவும் சிறிது, எனவே அது மேல்மணலிலேயே கிடக்கும். இரத்தமட்டியில் மடிப்பே இல்லை, அது ஏறத்தாழ மேற்பரப்பிலேயே இருக்கும். எவ்வளவு ஆழம் கிளற வேண்டும் என்பதைக் கரையில் ஒதுங்கிய வெற்றோடு ஒன்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2. இடமும் காலமும்

மட்டி, நீரை வடித்து உண்ணும் உயிர். ஒரு நாளில் தன் உடலைவிடப் பன்மடங்கு நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்லதைப் பிடிப்பது போலவே கெட்டதையும் பிடிக்கும். எனவே வடிகால் வாய், இறங்குதுறை, மலசலக் கழிவு கலக்கும் இடம், இறாற்பண்ணை நீர் வெளியேறும் வாய்க்கால் ஆகியவற்றுக்கு அண்மையில் எடுத்ததை எந்த முறையாலும் நல்லதாக்க முடியாது.

மாரி மழை கொட்டிய நாட்களில் எடுக்க வேண்டாம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை ஊர்த்தண்ணீர் எல்லாம் வெள்ளவாய்க்கால் வழியே ஏரிக்குள் இறங்கும், அதனுடன் கிணற்றடியும் கொல்லையும் சேர்ந்தே இறங்கும். அத்துடன் நீரின் உப்பு திடீரெனக் குறைவதால் மட்டிகள் இறந்து, செத்ததும் உயிருள்ளதும் கலந்தே கைக்கு வரும். பெருமழை ஓய்ந்து நீர் தெளிந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே நான் வாங்குவது வழக்கம்.

நீர் செந்நிறமாகவோ பச்சை படர்ந்தோ நிறம் மாறியிருந்தால், அல்லது மீன் செத்து மிதந்தால், அந்தப் பக்கமே போக வேண்டாம். சில நுண்பாசிகள் பெருகும்போது அவற்றின் நஞ்சு மட்டியில் சேரும், அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. 1981இல் தமிழ்நாட்டில் மெரிட்ரிக்ஸ் மட்டியை உண்ட மூவர் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பியை உண்ட ஏழு பேர் இறந்தனர். இரண்டுக்கும் காரணம் இந்த வகை நஞ்சு. உண்டபின் உதடு, நாக்கு, விரல்நுனி ஆகியவை மரத்துப்போனாலோ முள்ளுக் குத்துவது போல் உணர்ந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நஞ்சு ஏறினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்றுமருந்து கிடையாது, மூச்சுக்குத் துணைதரும் இயந்திரமே உயிரைக் காக்கும்.

3. எடுத்தலும் வாங்கலும்

தானே எடுக்க விரும்புபவர்கள் நீர்வற்றுக்குச் சற்று முன்னர் இறங்கி, பெருக்குத் தொடங்கும்போது கரையேறிவிட வேண்டும். எங்கள் ஏரியில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதன்று, ஆனால் தரை தட்டையாக இருப்பதால் சிறு வற்றிலேயே அகன்ற திடல் வெளிப்படும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும், ஏனெனில் சேற்றில் படுத்திருக்கும் திருக்கையை மிதித்தால் அது வால்முள்ளால் குத்தும், உரசினால் விலகிப் போய்விடும். மெல்லிய செருப்புப் போதாது. உடைந்த போத்தலும் சிப்பியின் கூர்விளிம்பும் அதைக் கிழிக்கும். வெடிபொருள் அபாயப் பலகை நின்ற கரைகளில் இறங்க வேண்டாம், தொழில் செய்பவர்கள் நாளாந்தம் நடமாடும் திடலே போதும்.

பெருவிரல் நகத்தைவிடச் சிறியதை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதில் சதை எதுவும் இல்லை, ஓடு நீக்கும் வேலைதான் மிஞ்சும்.

வாங்குபவர்கள் சந்தையில் குவியலின் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பார்க்க வேண்டும். கடல்வாசனை நல்லது. அழுகல் வாடை ஒரு மட்டியிலிருந்து வந்தாலும் விற்பவர் அதை மறைக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்.

கொண்டுவரும்போது ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். சொப்பிங் பையில் போட்டு வாயைக் கட்டினால் மூச்சில்லாமல் விரைவிலேயே வாய் பிளக்கத் தொடங்கும். வாளித் தண்ணீருக்குள் போட்டுக் கொண்டுவந்தாலும் வெயிலில் அந்த நீர் சூடேறி அதே முடிவுதான். எடுத்த இடத்து நீரை ஐந்து லீற்றர் போத்தலில் தனியே நிரப்பிக் கொண்டுவர முடிந்தால், ஐந்தாம் படியில் உங்கள் வேலை பாதியாகும்.

4. முதற் தெரிவு: ஊறவைக்க முன்னரே

இந்தப் படியைத் தாண்டுபவர்களே மிகுதி. "ஊறினப் பிறகு பாப்பம்" என்பார்கள். ஊறவைத்த வாளியில் செத்தது ஒன்று கிடந்தால் அதன் அழுகல்நீரைத்தான் மற்றவை எல்லாம் இரண்டு மணித்தியாலம் வடித்து உள்ளிழுக்கும். ஆகவே தெரிவு முதலில், ஊறல் பிறகு.

மட்டியின் இரண்டு ஓடுகளும் பிணைந்த இடத்தில் ஒரு கருநிறப் பட்டி உண்டு. அது சுருள்வில்லைப் போல் எந்நேரமும் ஓட்டைத் திறக்கப் பார்க்கும். உள்ளே இரண்டு தசைகள் ஓட்டை இழுத்து மூடிவைத்திருக்கும். உயிர் போனால் தசை தளர்ந்துவிடும், பட்டி வென்றுவிடும், வாய் திறக்கும். இதைப் புரிந்துகொண்டால் கீழ்வரும் சோதனைகள் மனதில் நிற்கும்.

வாய் சற்றுத் திறந்தவற்றைத் தனியே எடுத்து, ஓட்டில் விரலால் தட்ட வேண்டும். உயிருள்ளது மெல்ல மூடும். சில சோம்பேறிகள் அரை நிமிடம் எடுக்கும், பொறுக்க வேண்டும். மூடாதவற்றை எறிய வேண்டும். ஓடு உடைந்தவையும் வேண்டாம்.

மூடியிருப்பவை எல்லாம் நல்லவை என்று எண்ணுவதுதான் அடுத்த பிழை. உள்ளே இருந்த உயிர் எப்போதோ செத்து, அந்த இடத்தில் சேறு அடைந்து, அந்தச் சேறே இரண்டு ஓட்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் மட்டிகள் ஒவ்வொரு கிலோவிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவை பார்வைக்கு மற்றவற்றைவிட நேர்த்தியாகவே இருக்கும். ஒன்று மட்டும் சட்டிக்குள் போனால், அது திறந்த மாத்திரத்தில் சாறு முழுவதும் கறுப்புக் குழம்பாகிவிடும். என் முதல் மட்டிக்கறி அப்படித்தான் முற்றத்துக்குப் போனது.

சேற்றுமட்டியைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு ஓடுகளின் மேல் வைத்து, திறக்க முயலாமல், ஒன்றை ஒன்றின் மேல் பக்கவாட்டில் தேய்ப்பது போல் தள்ளிப் பார்ப்பது. உயிருள்ளது அசையாது. சேறு நிறைந்தது மயிரிழையாவது வழுக்கும். மற்றது, இரண்டு இரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் கேட்பது. உயிருள்ள இரண்டு தட்டினால் கூழாங்கல்லைத் தட்டியது போல் கணீரென்று கேட்கும். வெறுமையானதோ சேறானதோ இருந்தால் ஓட்டைக் குடத்தைத் தட்டியது போல் மொத்தென்று கேட்கும். மூன்று கிலோவைத் தட்டி முடிக்க அரைமணித்தியாலம் ஆகும். ஆகட்டும்.

5. மணல் கக்க விடுதல்

தெரிந்தெடுத்தவற்றைத் தூரிகையால் தேய்த்து, உப்புநீரில் இரண்டு முறை அலசிய பின்னர் ஊறவைக்க வேண்டும். வெளிச்சேறு ஒட்டியிருந்தால் அதுவே நீரில் கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

ஊறவைக்கும் நீர் உப்பாக இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ போட்டால் மட்டி தன்னைக் காத்துக்கொள்ள வாயை இறுக மூடிக்கொள்ளும், மூடிய வாயால் மணல் வெளியேறாது. நீண்ட நேரம் விட்டால் செத்தும் போகும். "இரவு முழுக்கத் தண்ணியில கிடந்ததே, பிறகும் மண் கடிக்குதே" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எடுத்த இடத்து நீரே மிகச் சிறந்தது, ஏனெனில் எங்கள் ஏரியின் உப்பு கோடையில் கடலைவிடக் கூடியும் மாரியில் மிகக் குறைந்தும் இருக்கும், மட்டி பழகிய உப்பு அந்த நீரில் மட்டுமே சரியாக இருக்கும். துணியில் வடித்துப் பயன்படுத்த வேண்டும். அந்த நீர் இல்லாதபோது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 35 கிராம் உப்புக் கரைக்க வேண்டும். கடல்நீரின் அளவு அது. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கல்லின் பருமனுக்கேற்ப அளவு மாறும் என்பதால் தராசில் நிறுக்க வேண்டும். ஊறுகாய்க்குச் செய்வது போல முட்டை மிதக்கும்வரை உப்புப் போட்ட ஒருவரைக் கண்டிருக்கிறேன். முட்டை மிதக்க வேண்டுமானால் கடல்நீரைப் போல் மூன்று மடங்கு உப்பு வேண்டும். அதில் மட்டி வாய் திறக்கவே இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்து வைத்து, அடுத்த நாள் உப்புக் கரைக்கலாம்.

கூடையை வாளிக்குள், அடியில் நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி கூரையோட்டுத் துண்டுகளின் மேல் ஏற்றி வைத்து, மட்டிகளை அதில் ஒன்றிரண்டு அடுக்காக மட்டும் பரப்ப வேண்டும். கக்கிய மணல் துளைவழியே அடிக்குப் போய்விடும், மட்டி அதை மீண்டும் இழுக்காது. குவித்து வைத்தால் மேலுள்ளது கக்குவதைக் கீழுள்ளது விழுங்கும். நீர் மட்டியை மூடி ஒரு விரல் உயரம் நின்றால் போதும்; ஆழம் கூடினால் அடியில் காற்று போதாது.

மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். ஒளியும் அதிர்வும் இருந்தால் வாய் திறக்காது. அரைமணித்தியாலம் கழித்துச் சாக்கை மெல்ல விலக்கிப் பார்த்தால், ஓட்டின் பிளவில் இரண்டு சிறு குழாய்கள், அரிசிமணி நீளத்துக்கு, விளிம்பில் சுருக்கங்களோடு வெளியே நீண்டிருக்கும். ஒன்று நீரை இழுக்கும், மற்றது கக்கும். நிழல் விழுந்த கணமே இரண்டும் உள்ளே போய்விடும், சிலவேளை முகத்தில் நீரும் பீச்சும். குழாய் தெரிந்தால் உப்பு சரி. ஒன்றும் நீளவில்லையானால் உப்பைத் திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை நீரை மாற்றி, மேலும் இரண்டு மணித்தியாலம் விட்டால் களப்பு மட்டிக்குப் போதும். மணற்கரை டொனாக்சுக்கு இன்னொரு மாற்றம் வேண்டும். எங்கள் வெக்கையில் இரவு முழுவதும் விடுவது பிழை, ஏனெனில் சூடான நீரில் காற்று விரைவில் தீர்ந்து விடியும்போது பாதி செத்திருக்கும். மீன்தொட்டிக் காற்றுக்குழாய் வைத்திருப்பவர்கள் மட்டுமே நீண்ட நேரம் விடலாம்.

மா தூவுதல், இரும்புக் கத்தி போடுதல், செத்தல் மிளகாய் போடுதல் ஆகிய யோசனைகளையும் சொல்வார்கள். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். மா நீரைப் பழுதாக்கியது, கத்தி துருப்பிடித்தது, மிளகாய் ஒன்றும் செய்யவில்லை.

ஊறவைப்பதால் மணல்தான் போகும். கிருமி போகும் என்று நினைத்து அவிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

6. இரண்டாம் தெரிவு

கையால் அள்ளியோ கூடையைத் தூக்கியோ மட்டியை வெளியே எடுக்க வேண்டும். வாளியைக் கவிழ்த்து வடித்தால் அடியில் நின்ற மணல் முழுவதும் மட்டியின் மேலேயே கொட்டும். ஊறலின்போது செத்தவை இருக்கலாம் என்பதால் திறந்தவற்றை மீண்டும் ஒருமுறை தட்டிப் பார்த்து விலக்கியபின், நல்ல தண்ணீரில் விரைவாக அலசினால் போதும்.

7. அவித்தல்

அகன்ற சட்டியில் அரைக்கோப்பை தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மட்டியைக் கொட்டி மூட வேண்டும். உப்புப் போடக் கூடாது. மட்டி தன் சாற்றைத் தானே விடும், அந்தச் சாறு கடல்நீரின் உப்போடு இருக்கும். மூன்று கிலோவை இரண்டு மூன்று தடவையாக அவிக்க வேண்டும். ஒரே சட்டியில் திணித்தால் அடியில் உள்ளது இறப்பராகும்வரை மேலுள்ளது திறக்காது.

மூன்று நான்கு நிமிடத்தில் வாய்கள் திறக்கத் தொடங்கும். திறந்தவுடன் இறக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. வாய் திறந்தது தசை தளர்ந்ததையே காட்டும். நடுச்சதை வெந்ததைக் காட்டாது. சதையின் நடுப்பகுதி 90 பாகை செல்சியசில் 90 செக்கன் நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அதற்கு ஈடாக, பெரும்பாலானவை திறந்தபின் மூடியபடி மேலும் நான்கைந்து நிமிடம் ஆவி பறக்க விட வேண்டும். 1988இல் சங்காய் நகரில் அரைவேக்காட்டு இரத்தமட்டியால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு ஈரலழற்சி பரவியது. இரத்தமட்டியின் சிவப்பு முற்றாகப் பழுப்பாக மாறும்வரை அவிப்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடைசிவரை திறக்காதவற்றை நெம்பித் திறக்காமல் எறிய வேண்டும்.

8. சாறும் சதையும்

சாற்றை வேறு பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, துணியில் வடித்து, அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியைக் கொட்டிவிட வேண்டும். எவ்வளவு கக்கவிட்டாலும் மண் கொஞ்சம் அங்கே நிற்கும்.

சதையைச் சூடு ஆறியதும் விரலால் கழற்றலாம். ஓட்டோடு ஒட்டிய இரண்டு தசைப்பொட்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், அவைதான் மிகுந்த சுவை. பெரிய மட்டியாயின் வயிற்றுப் பக்கத்துக் கரும்பையைப் பிதுக்கி நீக்குவது நல்லது. சிறியவற்றில் அது வீண்வேலை. குழாய்த் தண்ணீரில் கழுவினால் சுவையும் கூடவே போகும். வடித்த சாற்றில் ஒரு கோப்பையை அரிக்கன்சட்டியில் ஊற்றி, சதையை அதில் இட்டு, சட்டியைச் சாய்த்து மெல்லச் சுழற்றிச் சுழற்றிக் கையால் மேலே அள்ளினால் மணல் வரிகளில் தங்கிவிடும்.

9. கறி

சதை வெந்துவிட்டது. இனி அடுப்பில் அது நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதை இறுக்கும். எனவே குழம்பு முழுதாகக் கூடிய பின்னரே சதை உள்ளே போக வேண்டும்.

முந்நூறு கிராம் சதைக்கு, எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், அதேயளவு பெருஞ்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், நான்கு பச்சை மிளகாய், ஆறு பல் உள்ளி ஆகியவற்றை வதக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள் சேர்த்து, இரண்டாம் பாலும் ஒரு கோப்பை மட்டிச்சாறும் ஊற்றி, பாக்களவு பழப்புளியைக் கரைத்துவிட்டுக் கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கியதும் நாக்கில் வைத்துப் பார்த்து, அதன் பிறகே தேவையானால் உப்பு. முன்னரே உப்புப் போட்டு, பிறகு சாறு ஊற்றியவர்கள் உருளைக்கிழங்கு போட்டுத்தான் தப்பியிருக்கிறார்கள்.

சதையைப் போட்டு மூன்று நிமிடம், முதற்பால் ஊற்றி ஒரு கொதி, இறக்கிவிட வேண்டும். புளி உள்ள கறியில் முதற்பால் நின்று கொதித்தால் திரிந்துவிடும்.

வறை செய்வதாயின் சாறு சேர்க்காமல், சதையைச் சிறிதாகக் கொத்தி, தேங்காய்ப்பூவுடன் கடைசியில் பிரட்ட வேண்டும். ஒடியற்கூழுக்குப் போடுபவர்கள் சாற்றைத் தண்ணீருக்குப் பதிலாகத் தொடக்கத்திலும், சதையை ஒடியல்மா கரைத்து விட்டபின் கடைசியிலும் சேர்க்கலாம். கூழுக்கு இரத்தமட்டி பொருந்தாது, நிறம் கெடும்.

10. மீதியும் ஓடும்

உயிருள்ள மட்டியை அன்றே சமைக்க முடியாவிட்டால் ஈரத்துணியால் மூடித் திறந்த பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம், சமைக்குமுன் நாலாம் படியை மீண்டும் செய்ய வேண்டும். அவித்த சதையைச் சாறு மூடும்படி ஊற்றி உறையவைத்தால் காய்ந்துபோகாது. சமைத்த கறியை மறுநாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஓட்டைச் செடிக்குப் போடச் சொல்வார்கள். எங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பது, அதற்கு மேலும் சுண்ணாம்பு தேவையில்லை. ஈ மொய்க்குமுன் வளவின் மூலையில் ஒரு முழ ஆழத்தில் புதைப்பது போதும். ஆனால் ஒவ்வோர் இனத்திலும் பட்டி அறாத ஒரு சோடி ஓட்டைக் கழுவிக் காயவைத்து ஒரு பழைய தகரப்பேணியில் போட்டு வையுங்கள். உள்ளே ஒரு கடதாசித் துண்டில் எங்கே வாங்கியது, என்ன பெயர் சொல்லி விற்றார்கள், எத்தனை முறை நீர் மாற்றியது என்று எழுதி வைத்தால், அடுத்த தடவை சந்தையில் வேறு பெயரில் அதே மட்டியைக் காணும்போது எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் என்று முதலிலிருந்து சோதிக்க வேண்டி வராது.